ஒரு மன்னிப்புக் கடிதம்

மாநிலத்தின் கடன், பற்றாக்குறை என்று நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எங்கள் நினைவுக்கு வருவது எந்தத் தொகையும் அல்ல. 2003 ஜூலை இறுதியில் தாராசுரத்துத் திண்ணை ஒன்றில் எழுதப்பட்ட ஒரு கடிதம்தான்.

அப்போது நாங்கள் இருவரும் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தோம். அவ்வாண்டு ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை; குறுவை இல்லை. தறிச் சத்தமும் குறைந்துபோன எங்கள் தெருவில் மாதம் தவறாமல் பணம் வந்தது தமிழாசிரியர் வீட்டுக்கு மட்டுமே.

கருவூலம் வறண்டுவிட்டதென 2001இலேயே ஜெயலலிதா அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டிருந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் வருவாயை விழுங்குகின்றன என்ற வாதத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஓய்வூதியச் சலுகைகளில் கைவைத்ததும் சங்கங்கள் ஜூலை 2இல் வேலைநிறுத்தத்தில் இறங்கின. இத்தனை பேரையும் யார் வெளியேற்றிவிட முடியும் என்று சங்கங்கள் கணக்கிட்டன. சம்பளமில்லாமல் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று கோட்டை கணக்கிட்டது. ஜூலை 4இல் ‘டெஸ்மா’ சட்டத்தைக் கடுமையாக்கி அவசரச் சட்டம் வந்தது, ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் விசாரணையின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டனர். இரு தரப்புக் கணக்கிலும் மளிகைக் கடையின் கணக்கு நோட்டு இடம்பெறவில்லை. ஆசிரியரிடம் அதுவரை பாக்கி கேட்டறியாத கடைக்காரர் அந்த மாதம் கேட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. திரும்பச் சேர நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதிகளின் 22ஆம் விதிக்குக் கட்டுப்படும் உறுதிமொழியும் வேண்டுமென்றார்கள். ஆசிரியர் எங்களை அழைத்தார். பள்ளியில் எங்களுக்கு அசை பிரிக்கக் கற்பித்தவர் அவர்.

“‘வருந்துகிறேன்’ என்று எழுதினால் போதாதா?”

படித்த திமிரில் சொன்னோம்: “வருத்தத்துக்குக் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை, ஐயா. மன்னிப்புக்குச் செய்திருக்க வேண்டும்.”

“தெரியும் தம்பி. அதனால்தான் கேட்கிறேன்.”

வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையில்லை என்று ஆகஸ்டு 6இல் தீர்ப்பு வந்தது. மறுஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி 39 தொகுதிகளிலும் தோற்றது. அதன்பின் அதே அரசு ஊழியர்மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றது. கருவூலத்துக்கு 2004 மே மாதத்தில் திடீரென நீர் சுரந்ததா என்று எவரும் கேட்கவில்லை. 2021இல் இன்னொரு வெள்ளை அறிக்கை வந்தது, இன்னோர் ஆட்சியிடமிருந்து.

ஆசிரியர் பணிக்குத் திரும்பினார், முறைப்படி ஓய்வும் பெற்றார். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. அதன் முதல் வரைவு எங்களிடம் இருக்கிறது. ‘வருந்துகிறேன்’ அவருடைய கையெழுத்து. அதை அடித்துவிட்டு மேலே எழுதியிருப்பது எங்களுடையது.