அணையா அடுப்பு

கோட்டையும் மாளிகையுமே கட்டடக் கலை என்று எண்ணியிருந்தவன் நான். வகுப்பறையிலும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன். அயர்லாந்து நாட்டு உழவர்களின் பழைய வீடுகளைப் பற்றி நூலகத்தில் படிக்க நேர்ந்தபோது அவ்வெண்ணம் மாறிற்று.

அவ்வீடுகளுக்கு வரைபடம் இல்லை. அருகில் கிடைத்த கல்லும் களிமண்ணும் தடித்த சுவராயின. வைக்கோலும் நாணலும் கூரையாயின. சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். ஓர் அறையின் அகலமே வீட்டின் அகலம்; இடம் போதாதபோது வீடு நீளவாட்டில் வளரும். கதவு இரு பாதிகளாக அமையும்: கீழ்ப்பாதி கோழிகளைத் தடுக்கும், மேற்பாதி ஒளியை வரவேற்கும்.

வீட்டின் உயிர்நிலை அடுப்பே. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளை அதில் எரித்தனர். இரவில் தணலைச் சாம்பலால் மூடி, விடியலில் கிளறி எழுப்புவர். தலைமுறைகளாக நெருப்பு அணையாத வீடுகளும் உண்டென்பர்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டைத் துறந்தனர். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4,91,000 ஆக இருந்த ஏழையரின் ஓரறைக் குடில்கள், 1851இல் 1,35,000 ஆகக் குறைந்தன. அப்பக்கத்தைப் புரட்ட என் கை எழவில்லை. அத்தனை அடுப்புகள் அணைந்தன அல்லவா!

எஞ்சிய பழைய வீடுகளைச் செப்பனிடுவோர் இன்று சுண்ணாம்பையே மீண்டும் நாடுகின்றனர். சிமெண்டு ஈரத்தைச் சுவருக்குள் தேக்கும். சுண்ணாம்போ வெளியேற விடும். எழுத்தறியாத கைகள் அறிந்திருந்த உண்மை இது.

அரசர் எழுப்பியது மட்டுமன்று மரபு. தணலைப் பொதிந்து மறுநாளுக்குத் தந்தவர்கள் எழுப்பியதும் மரபே. இதனை என் மாணவர்க்குச் சொல்ல நெடுங்காலம் தாமதித்துவிட்டேன்.