நர்ஸ் வேலைக்கு ஏன் வந்தாய்?



என்னிடம் படித்தவர்களில் எனக்குத் தெரிந்து ஒன்பது பேர் நர்ஸாக இருக்கிறார்கள். அதில் இருவர் ஆண்கள். "ஏன் இந்த வேலைக்கு வந்தாய்?" என்று அவ்வப்போது கேட்பேன். சேவை மனப்பான்மை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அது மே 12 செவிலியர் தினத்தன்று நாம் மேடையில் சொல்லும் வார்த்தை.

ஒருத்தி எட்டாம் வகுப்பு படிக்கும்போதே, படுக்கையில் கிடந்த பாட்டிக்குப் புண் கழுவி மருந்து போட்டவள். "எனக்கு அது அருவருப்பாவே தெரியல டீச்சர், அதான்" என்றாள். ஒரு பையன், விபத்தில் அடிபட்டு அப்பா ஜி.எச்.சில் கிடந்தபோது, ராத்திரியெல்லாம் ஓடியாடிப் பார்த்துக்கொண்ட 'பிரதர்' ஒருவரைப் பார்த்து இந்தப் படிப்புக்கு வந்தவன். இன்னொருத்திக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். சீக்கிரம் சம்பளம் வரும் படிப்பு அவளுக்கு வேண்டியிருந்தது.

சம்பளத்துக்காக வந்தவள் ஒரு படி குறைவு என்று நினைக்காதீர்கள். கொரோனா வார்டில் கவச உடையோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல் மணிக்கணக்கில் நின்றவள் அவள்தான். "பேஷன்ட் கையைப் பிடிச்சுக்கிட்டா விட்டுட்டு வர மனசு வராது டீச்சர்" என்கிறாள் இப்போது. வந்த காரணம் எதுவானாலும், வந்தபின் வேலை அவளைப் பிடித்துக்கொண்டது.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. என் பழைய மாணவி ஒருத்தியின் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். நைட் டியூட்டி, கல்யாணம் என்று வீட்டில் தடை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வசதியான குடும்பத்துப் பெண். அவர் வீட்டிலும் தடைதான். பல வருடம் காத்திருந்து, 1851இல், 31 வயதில்தான் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். 1860இல் லண்டனில் அவர் பெயரில் நர்சிங் பள்ளியே வந்துவிட்டது. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1909இலேயே நர்சிங் பயிற்சி தொடங்கியாயிற்று. நம் வீடுகளில்தான் பேச்சு இன்னும் மாறவில்லை.

பெற்றோரே, தடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, பயிற்சிக்கு நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று நேரில் போய் விசாரியுங்கள். பல தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு என்பதையும் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவள் உறுதியாக நின்றால், ஃபாரம் வாங்கிக் கொடுங்கள்.

நர்ஸாக இருக்கும் என் பிள்ளைகளே, நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் படிப்பார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்