தரங்கம்பாடியில் இரு நாட்கள்

"சேர், நீங்கள் வெளிநாட்டிற் படித்தவராமே? அங்கே சனி, ஞாயிறு நாட்களில் எங்கெங்கே போவீர்கள்?" என்று சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எம்மை வினாவினாள். அவளுடைய தமையன் இலண்டனிற் பயில்கின்றான். இரண்டு நாள் விடுமுறையிற் பாரிசுக்குச் சென்று, ஈபெல் கோபுரத்தின் முன் நின்று பிடித்த படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தானாம். நாமும் கடல் கடந்து படித்தவரே. விடுமுறையிற் பிறநாட்டு நகரொன்றைப் பார்த்தவரே. ஆயின் நாம் கடந்த கடல் பாக்குநீரிணை. பார்த்த நகர் தரங்கம்பாடி. அதைக் கேட்டதும் மாணவியின் முகம் சற்றுச் சுருங்கிற்று. அவளுக்கு அன்று வகுப்பிற் சொல்ல நேரமின்றிப் போனதை ஈண்டு எழுதுகின்றோம்.

2005 ஆம் ஆண்டில் சிதம்பரத்தை அடுத்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் முதுமாணி வகுப்பிற் சேர்ந்தோம். அங்கே அதனை 'முதுகலை' என்பர். 1929 இல் அமைந்த அப்பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் எமது கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார். ஆதலின் அங்கு செல்வதை வெளிநாடு செல்வதாக எமது வீட்டார் எண்ணவில்லை. அன்னை மாத்திரம், "அங்கேயும் கடல் கிட்டவோ?" என்று கேட்டார். 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் எமது கரையோரக் கிராமங்களுட் புகுந்து ஓராண்டும் நிறைந்திராத காலம் அது.

மறு ஆண்டு, 2006 ஆடியில், மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதை அடுத்துப் போர் மூண்டது. மூதூரும் ஈச்சிலம்பற்றும் அதன் நடுவில் அகப்பட்டன. எமது ஊரவர் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெருகலாற்றைக் கடந்து வாகரைப் பக்கமாகப் போயினர் என்று மட்டக்களப்பிலிருந்த மாமா தொலைபேசியிற் சொன்னார். அன்னையும் தங்கையும் அவர்களுள் இருந்தனரா என்பது அவருக்குத் தெரியவில்லை. நாள்தோறும் மாலையிற் பல்கலைக்கழக வாயிலிலுள்ள தொலைபேசிக் கடைக்குச் சென்று அவரை அழைத்தோம். "ஒன்றும் தெரியல்ல, மருமகன்" என்பதே விடை. ஒரு மாதம் இவ்வாறு கழிந்தபின், உண்மையைச் சொல்வதாயின், நாம் அழைப்பதையே நிறுத்திவிட்டோம். செய்தி இல்லை என்பதைக் கேட்பதற்கன்று, வேறொன்றைக் கேட்க நேருமே என்றுதான் அஞ்சினோம். விடுதி அறையிலே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்த எம்மை, உடன் பயின்ற நண்பர் ஒருவர், "எங்காவது இரண்டு நாள் போய் வாருங்கள்" என்று விரட்டினார். செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் விடியலிற் காரைக்கால் செல்லும் பஸ்வண்டியில் ஏறினோம். எங்கே இறங்குவது என்பதைக்கூட முடிவு செய்திருக்கவில்லை.

சிதம்பரத்தை விட்டுத் தெற்கே சிறிது தொலைவு சென்றதும் கொள்ளிடம் குறுக்கிடுகின்றது. காவிரியின் கிளை அது. எமது வெருகலாறு மகாவலியின் கிளை. கொள்ளிடத்திற்கு நீண்ட பாலம் உண்டு. வெருகலிலே அக்காலத்திற் பாதையில் ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். பாலம் போர் முடிந்த பின்னரே வந்தது. மணலே மிகுந்து கிடந்த அவ்வாற்றைப் பார்த்தபோது, பாதைக்காக வரிசையில் நின்ற எம்மூர்ச் சனங்களின் நினைவு வந்ததே அன்றி வேறொன்றும் தோன்றவில்லை. அடுத்து வருவது சீகாழி. திருக்கோணமலைக்குத் தேவாரம் பாடிய திருஞானசம்பந்தர் பிறந்த பதி. பஸ்வண்டி அங்கே ஐந்து நிமிடமும் நிற்கவில்லை. திருக்கடையூரில் மணிவிழாக் காணும் தம்பதியர் கூட்டம் ஏறி இறங்கிற்று. அதன்பின் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. தரங்கம்பாடி என்று நடத்துநர் கூவவும் இறங்கிவிட்டோம்.

நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் வெண்சுதை தீட்டிய நகரவாயில் ஒன்று நிற்கின்றது. அதனுட் புகுந்தவுடன் தமிழ்நாடு பின்னே போய்விடுகின்றது. நேரே கடலை நோக்கி ஓடும் இராசவீதி. இருமருங்கும் தடித்த தூண்களும் உயர்ந்த கதவுகளும் உடைய பழைய மாளிகைகள். 1701 இல் எழுந்த சீயோன் ஆலயம். எதிரே 1718 இல் எழுந்த புது எருசலேம் ஆலயம். வீதியில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆடு ஒன்று ஆளுநர் மாளிகையின் திண்ணையிற் படுத்திருந்தது.

வீதியின் முடிவிற் கடலை அணைந்து கிடப்பது டான்ஸ்போர்க் கோட்டை. அங்கே நுழைவுச்சீட்டுக்கு இருவகைக் கட்டணம்: உள்நாட்டார்க்கு ஒன்று, அயல்நாட்டார்க்கு ஒன்று. சீட்டுக் கொடுப்பவர், "எந்த ஊரு தம்பி?" என்றார். பழக்கத்தால் "ஈச்சிலம்பற்று" என்று சொல்லிவிட்டோம். "அது எங்க, திருவாரூர் பக்கமா?" என்றவாறே உள்நாட்டுச் சீட்டைக் கிழிக்கத் தொடங்கினார். பொய்யுரைத்து உட்செல்ல மனம் ஒப்பவில்லை. கடவுச்சீட்டை எடுத்து நீட்டி, இலங்கை, திருகோணமலை மாவட்டம் என்றோம். அவர் அதைத் திறந்தும் பாராமல், "டேனிஷ்காரன் முதல்ல உங்க ஊருக்குத்தானே போனான்! அங்க ஒண்ணும் சரிப்படாமத்தான் இங்க வந்தான்" என்று கூறி, கிழித்த சீட்டையே எமது கையில் வைத்தார். பற்று என்பது எமது ஊர்ப்பெயரின் ஈற்றிலேயே இருப்பதால் அது அயலாரையும் பற்றிக்கொள்ளும் போலும்.

அவர் சொன்னது மெய்யே என்பதைப் பின்னர்ப் புத்தகசாலையிற் கண்டோம். கண்டி மன்னனின் தூதன் என்று சொல்லிக்கொண்டு பொஷோவர் என்னும் ஒல்லாந்தன் டென்மார்க்கு அரசனாகிய நான்காம் கிறிஸ்தியானிடம் சென்று, போர்த்துக்கேயருக்கு எதிராகத் துணை வேண்டினான். 1618 இல் உடன்படிக்கையும் எழுதப்பட்டது. முன்னோடியாக அனுப்பப்பட்ட கப்பல் போர்த்துக்கேயரால் தாக்குண்டு காரைக்காலை அடுத்த கடலில் அழிந்தது. அதன் தலைவன் குறப்பே என்பான் உயிர் தப்பித் தஞ்சை நாயக்கரின் அவையை அடைந்தான். பின்னே வந்த கப்பல்களுக்குத் தலைவன் ஓவே கெட்டே. 1594 இற் பிறந்தவன். டென்மார்க்கை விட்டுப் புறப்படும்போது அவனுக்கு வயது இருபத்து மூன்று. வழியிற் பலர் நோயால் மாண்டனர், தூதனும் மாண்டான். 1620 ஆம் ஆண்டு வைகாசி அளவிற் கப்பல்கள் திருகோணமலைக் குடாவை அடைந்தன. கண்டியிலே செனரத் மன்னன், தூதன் தன் பெயரால் எழுதிய உடன்படிக்கையை ஏற்க மறுத்தான். நீண்ட பேச்சின் பின் புதிய உடன்படிக்கை ஒன்று எழுந்தது. கோணமலையிற் கோட்டைப் பணியும் தொடங்கிற்று. ஆயினும் கெட்டே அங்கே நிலைகொள்ளவில்லை. கடலைக் குறுக்கே கடந்து தரங்கம்பாடிக்கு வந்தான். அவ்வாண்டு நவம்பரில் இரகுநாத நாயக்கருடன் உடன்பாடு கண்டு டான்ஸ்போர்க்கைக் கட்டத் தொடங்கினான். மறு ஆண்டு திருகோணமலைக்குத் திரும்பியபோது அங்கே பணி முன்னேறியிருக்கவில்லை. கைவிட்டு நாடு திரும்பினான். சில ஆண்டுகளிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே தமது கோட்டையை எழுப்பினர்.

எமக்கும் அப்பொழுது ஏறத்தாழக் கெட்டேயின் வயதுதான். கோட்டையின் மேல்தளத்தில் நின்று தென்கிழக்கே கடலைப் பார்த்தோம். அந்தத் திசையிலேதான் கொட்டியாரக் குடா. அக்கடல் முன்னர் இருகரைக்கும் பாதையாய் இருந்தது. அன்று எமக்கு அது மதிலாய்த் தோன்றிற்று.

டேனியர் 1845 இல் இவ்வூரைச் சேரம்பூருடன் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலக் கம்பனியார்க்கு விற்றுவிட்டுப் போயினர். அவர்களாற் தமிழுக்கு நின்றது அச்சே. 1706 இல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பர். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்களைக் கொண்டு 1715 இற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். காகிதப் பஞ்சத்தைப் போக்க அருகிலுள்ள பொறையாற்றில் ஆலை ஒன்றும் நடந்தது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அங்கே இன்னும் வழங்குகின்றது. சைவராகிய எம்மைக் கவர்ந்தது வேறொரு செய்தி. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713 இல் விரிவாக ஒரு நூல் எழுதி ஊருக்கு அனுப்பினார். மேலிடத்தார் அதனை அச்சிட விரும்பவில்லை. 1867 இலேயே அது அச்சேறிற்று. மாற்றார் சமயத்தை அக்கறையுடன் கேட்டெழுதியவனுக்குத் தன் வீட்டிலேயே வரவேற்பு இல்லாமற் போவது எக்காலத்தும் உள்ளதே.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். 1306 இற் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாக உண்டுவிட்டது. அலை தெறிக்கும் கற்களின் நடுவே நின்று வணங்கியபோது, எமது ஊரைக் கேட்டு வேண்டிக்கொள்ளவும் நா எழவில்லை.

மாலையில் விடுதி ஒன்றிற் சென்று அறை கேட்டோம். சாவியை எடுத்தவர், கடவுச்சீட்டைக் கண்டதும் அதைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். "இலங்கைன்னா பொலிசுல கேப்பாங்க. வேண்டாம் தம்பி" என்றார். அவர் பேரிற் குறை சொல்வதற்கில்லை. அவ்வூரில் அக்காலம் அப்படி. சிதம்பரம் செல்லும் வண்டியையும் தவறவிட்டு, நகரவாயிலின் வெளியே தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்தோம். கடையை நடத்தியவர் அறுபது வயது கடந்த மூதாட்டி. "ஆச்சி, ஒரு தேத்தண்ணி" என்றோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆச்சின்னா செட்டியார் வீட்டம்மா! எனக்கு யாரு அந்தச் சொத்தக் குடுத்தது?" என்றார். பேச்சைக் கொண்டே எமது நாட்டையும் அறிந்துகொண்டார். "உங்க பக்கமும் சுனாமி அடிச்சுதாமே?" என்பது அவர் அடுத்துக் கேட்டது.

அன்றிரவு அவருடைய தற்காலிகக் குடிலின் வாசலிற் பாய் விரித்துப் படுத்தோம். கடல் கொண்டுபோன பேரனுக்கு ஏழு வயதாம். பள்ளிக்கூட விடுமுறை, கரையில் விளையாடப் போனானாம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "உங்கம்மாகிட்டப் பேசினியா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னோம், தொலைபேசி எடுப்பதை நிறுத்தியதையும். இருளில் அவர் எழுந்து உட்கார்ந்தது தெரிந்தது. "எனக்குத் தேடுறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. உனக்கு இருக்குல்ல? நீ ஏன் நிறுத்தின?" என்றார். குரலிற் கோபம் இருந்தது.

விடிந்ததும் பழஞ்சோறும் மீன்குழம்பும் இட்டு, பொறையாற்றுக்குப் போகும் வழியைக் காட்டினார். தொலைபேசிக் கடை திறக்கும்வரை அரைமணி நேரம் வாசலில் நின்றோம். மூன்றாம் முறை இணைப்புக் கிடைத்தது. மாமா எடுத்தவுடன் ஏசினார்: "மருமகன், எங்க போய்த் துலைஞ்சாய்? ராவு விடுதிக்கு எடுத்தன், நீ இல்லையாம். அம்மாவும் தங்கச்சியும் வாகரைப் பள்ளிக்கூடத்தில இருக்காங்க. அங்கயிருந்து வந்த ஆள் கண்டு கதைச்சிருக்கார்." எத்தனை நிமிடம் பேசினோம் என்பது நினைவில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுக்க எமது பின்னே ஓடிவந்தார். அப்போது சிதம்பரம் வண்டி வந்து நிற்கவே, ஏதும் எண்ணாமல் அதில் ஏறி அமர்ந்துவிட்டோம். சீகாழி தாண்டிய பின்னரே மூதாட்டியிடம் செய்தி சொல்லாமல் வந்தது உறைத்தது.

படிப்பு முடிந்து 2007 இல் நாடு திரும்பினோம். மீள்குடியேறிய அன்னையை ஈச்சிலம்பற்றிலே, கூரையிழந்த வீட்டின் முற்றத்திற் கண்டோம். ஒருநாள் தரங்கம்பாடியைப் பற்றி அவருக்குச் சொன்னோம். டேனியரையும் கோட்டையையும் அவர் பொறுமையாகக் கேட்டிருந்தார். தேநீர்க்கடை வந்ததும், "அந்த மனிசிக்குக் கடிதம் போட்டாயா? பேரென்ன அவவுக்கு?" என்றார்.

பெயரைக் கேட்டிருக்கவில்லை. அடுத்து வந்த மாதங்களில் மீண்டும் போயிருக்கலாம். சிதம்பரத்திலிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவுதான். தேர்வு, கட்டுரை என்று போகாமல் இருந்துவிட்டோம். அன்னை ஒன்றும் கூறாமல் அடுப்படிக்கு எழுந்து சென்றார்.

எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் இவ்வாண்டு தமிழகத்திற்குப் படிக்கச் செல்ல ஆயத்தமாகின்றான். நகரவாயிலுக்கு வெளியே, இடப்பக்கம், வேப்பமரத்தடி என்று ஒரு தாளில் அடையாளம் எழுதி அவனிடம் கொடுத்திருக்கின்றோம்.