உப்புக் காற்றில் ஒரு ஆயிரம் ரூபாய்!

தஞ்சாவூர் ஜில்லா என்றால் நமக்கு நெல்தான் ஞாபகம் வரும். சரி, சோற்றுக்கு உப்பு வேண்டாமா? அதற்கு அதிராம்பட்டினம் இருக்கிறது! பட்டுக்கோட்டையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல. வயலும் தென்னந்தோப்பும் முடிந்து உப்பளம் ஆரம்பிக்கிற இடம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்த கதையை இன்றும் டீக்கடையில் கேட்கலாம். 2021-ல் ஊர் நகராட்சி ஆகிவிட்டது. கடலுக்கு மட்டும் எந்த அவசரமும் இல்லை. பாக் நீரிணையல்லவா, ஆழம் குறைவு. அலையில்லாமல் குளம் மாதிரி கிடக்கிறது.

ஊர் சுற்றிக் காட்ட வந்தவன் நண்பரின் பிள்ளை. நண்பர் சவூதியில் இருக்கிறார். பையனுக்கு எட்டுப் போட்டு லைசென்ஸ் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அடுத்த வாரம் பட்டுக்கோட்டையில் டெலிவரி வேலை. லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. வீட்டில் மீன் ஆணத்தோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டு மனோராவுக்குக் கிளம்பினோம். எனக்கு அவன் அண்ணனுடைய ஹெல்மெட். ஒரு சைஸ் பெரிசு, அதனால் வாரை நன்றாக இறுக்கிக்கொண்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரிடத்தில் போலீஸ் கை காட்டியது.

"லைசென்ஸ் எங்கப்பா?"

பையன் செல்போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டினான். "கார்டு இன்னும் போஸ்ட்ல வரலை சார்."

தமிழ்நாட்டில் 2024-லிருந்து லைசென்ஸ் விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. "ஒரிஜினல் வேணும்" என்று இளம் கான்ஸ்டபிள் ஆரம்பித்தார். எஸ்.ஐ. குறுக்கிட்டு, "டிஜிலாக்கர் செல்லும்ப்பா" என்றார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அவர் பார்வை பையனின் தாடைக்குப் போனது. வார் இரண்டு பக்கமும் காற்றில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது!

"ஹெல்மெட் போட்டிருக்கேனே சார்?"

"தலையில வெச்சிருக்கே. போடலை."

சட்டம் அவர் பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவின்படி, வாரால் இறுக்கிக் கட்டினால்தான் அது தலைக்கவசம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறினால் ஆயிரம் ரூபாய். அதோடு லைசென்ஸுக்கு மூன்று மாதத் தடையும் உண்டு. இதைக் கேட்டதும் பையன் முகம் வெளிறிவிட்டது. மூன்று மாதம் போனால் வேலை எங்கே காத்திருக்கும்?

பக்கத்தில் வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர் காதோரம், "தம்பி, கையில ஏதாவது குடுத்து முடிச்சுக்கங்க" என்றார். பையன் கை சட்டைப்பைக்குப் போயிற்று. நான் பிடித்துக்கொண்டேன்.

"சார், அபராதம் கட்டிடறோம், ரசீது குடுங்க. தடைன்னா எப்படி சார் நடக்கும்?"

எஸ்.ஐ. நிதானமாகவே சொன்னார்: "நாங்க தடை பண்ண முடியாதுங்க. ஆர்.டி.ஓ.வுக்கு எழுதுவோம். அவங்க கூப்பிட்டு, இவன் சொல்றதைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்." பையனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "புதுசா? சரி, அபராதத்தோட போ. அடுத்த தடவை எழுதிடுவேன்."

மிஷின் கிர்ரென்று சலானைத் துப்பியது. வண்டி நம்பர், பெயர், பிரிவு, தொகை நான்கையும் சரிபார்க்கச் சொன்னேன். நம்பரில் ஓர் எழுத்து மாறினாலும், வேறு யாரோ ஒருவர் தலையில் அல்லவா விடியும்!

அதன் பிறகு மனோரா வரைக்கும் பையன் வாயைத் திறக்கவில்லை. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக நம்ம சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம் அது. யாரோ எங்கேயோ தோற்றதற்கு மல்லிப்பட்டினம் பக்கத்தில் ஞாபகச் சின்னம்!

கோபுர நிழலில் நின்று, "வாப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றான்.

"நான் சொல்லலை. நீயே சொல்லிடு."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். பிறகு சவூதிக்குப் போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஸ்பீக்கரில் நண்பரின் குரல்:

"ஆயிரம் போனா சம்பாதிச்சுக்கலாம். தலை?"

பையன் பதில் சொல்லவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டினான். 'டக்'கென்று சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.