சேர்வராயன் மலையும் மெத்தூசலாவின் பெயரும்

சேர்வராயன் மலையை ஆங்கிலேயர் தங்கள் நாவுக்கு வந்தபடி ஷெவராய் என்று எழுதினார்கள். எபிரேய அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் பிரித்தால் அழகாகவே பிரிகிறது. ஷெவா என்றால் ஏழு. பெயெர்செபாவில் ஒலிப்பதும் அதுதான். ரோயீ என்றால் என் மேய்ப்பர். இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் தொடக்கத்தில் வரும் சொல். இரண்டையும் சேர்த்து ஏழு மேய்ப்பர் என்று வைத்துக்கொண்டால், மீகா 5:5 துணைவசனமாகவும் வந்து நிற்கிறது. ஒலி, அகராதி, வசனம் எல்லாம் பொருந்துகின்றன. உண்மை மட்டும் இல்லை. மலையுச்சிக் குகைக்கோயிலில் காவேரியம்மனோடு இருக்கும் சேர்வராயனின் பெயர் அது. எபிரேயத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேதாகமப் பெயர்களுக்குப் பொருள் தேடுகிற நாம் முதலில் செய்துபார்க்க வேண்டிய சோதனை இது. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பொருள் தந்துவிடுகிற முறை, எந்தப் பெயரையும் விளக்குவதில்லை.

ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஆதாம் முதல் நோவா வரை பத்துப் பெயர்கள் வருகின்றன. அவற்றின் பொருளை வரிசையாகக் கோத்தால் சுவிசேஷமே ஒரு வாக்கியமாகக் கிடைக்கிறது என்று பிரசங்கங்களில் சொல்லப்படுகிறது. மனிதனுக்குத் துயரம் நியமிக்கப்பட்டது, தேவன் இறங்கிவந்து போதிப்பார், அவர் மரணம் ஆறுதல் தரும் என்பது அதன் சாரம். சில பெயர்கள் இதற்கு இடம் தருகின்றன. மகலாலெயேலில் துதியும் தேவனும் இருக்கிறார்கள். யாரேத்தில் இறங்குதல் ஒலிக்கிறது. சேத்துக்கு ஆதியாகமம் 4:25 தானே விளக்கம் தருகிறது. ஆனால் கேனானுக்குத் துயரம் என்ற பொருள், புலம்பலைக் குறிக்கும் கீனா என்ற சொல்லோடு உள்ள ஒலி ஒற்றுமையால் வந்தது. எழுத்தமைப்பில் அந்தப் பெயர் காயீனுக்கே நெருக்கம். லாமேக்குக்கு வேதாகம எபிரேயத்தில் வேர்ச்சொல்லே காணவில்லை. சங்கிலியில் இரண்டு வளையம் இப்படி இருந்தால் வாக்கியம் எப்படி நிற்கும்?

மெத்தூசலாதான் இதில் மையம். அவர் பெயருக்கு "அவன் மரணம் கொண்டுவரும்" என்று பொருள் சொல்கிறார்கள். அவன் மரணம் என்பது எபிரேயத்தில் மோத்தோ, மெத்து அல்ல. ஆதியாகமம் 4:18-இல் மெத்தூசவேல் என்று இன்னொருவர் வருகிறார். இரண்டு பெயரிலும் முன்பகுதி ஒன்றே. மனிதன் என்று கொள்வதே இரண்டுக்கும் பொருந்துகிறது. இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மெத்தூசலா 187 வயதில் லாமேக்கைப் பெற்றார். லாமேக்கு 182 வயதில் நோவாவைப் பெற்றார். நோவாவின் 600-ஆம் வயதில் ஜலப்பிரளயம். கூட்டினால் 969, மெத்தூசலாவின் ஆயுள் அதுவே. அவர் இறந்த ஆண்டில் வெள்ளம் வந்தது என்பது எபிரேய மூலத்தின் கணக்கிலேயே இருக்கிறது. அது வியக்கத்தக்கது, பிரசங்கிக்கத்தக்கதும்கூட. ஆனால் அதைச் சொல்வது எண்கள். எண்கள் சொல்வதைப் பெயரின் வாயில் திணிக்க வேண்டியதில்லை.

வேதாகம ஆசிரியர்களே பெயரோடு விளையாடவில்லையா என்று கேட்கலாம். விளையாடினார்கள், அதுவும் தாராளமாக. நோவா என்ற பெயர் இளைப்பாறுதலுக்கு நெருக்கமானது. 5:29-இல் லாமேக்கு அதை ஆறுதலோடு இணைக்கிறார், அது வேறு வினைச்சொல். ஏற்காட்டை ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்று சொல்வதைப் போன்றது இது. ஏரியில் இடையின ரகரம், ஊர்ப்பெயரில் வல்லின றகரம் என்று இலக்கணம் எழுப்பும் கேள்வி நியாயமானதே. ஆனாலும் அப்படிச் சொல்பவர் கண்முன் இருக்கும் நீரையும் மரங்களையும் காட்டுகிறார். லாமேக்கும் சபிக்கப்பட்ட நிலத்தில் உழைத்த கையின் வேதனையைக் காட்டுகிறார். அது சொற்பிறப்பு அல்ல, ஆனால் ஆசிரியர் எழுதிய பொருள். நாம் தேட வேண்டியது அதைத்தான்.

மறைபொருளே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. எரேமியா 25:26-இல் சேசாக்கு என்று ஒரு பெயர் வருகிறது. எபிரேய நெடுங்கணக்கின் முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாவதற்குக் கடைசிக்கு முந்தியது என்று மாற்றி எழுதினால் பாபேல் சேசாக்கு ஆகிறது. இது வெறும் ஊகம் அல்ல. 51:41-இல் சேசாக்கும் பாபிலோனும் ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பூட்டியவரே சாவியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆபேலின் பெயரோ, பிரசங்கி புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் மாயை என்ற அதே எபிரேயச் சொல், ஹெவெல்: மூச்சுக்காற்று, புகை. தமிழ் வேதாகமம் ஒன்றைப் பெயராகவும் மற்றதைச் சொல்லாகவும் தருவதால் இந்த ஒற்றுமை நம் கண்ணுக்குப் படுவதில்லை. வாழ்ந்து மறைந்த தடம்கூட இல்லாத அந்தத் தம்பிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? இங்கேதான் எபிரேயம் கற்ற உழைப்புக்குப் பலன் இருக்கிறது.

விசுவாசத்தை வளர்த்தால் போதாதா, எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் வாதாட வேண்டும் என்பது கடைசி ஆட்சேபம். அன்போடு கேட்கப்படுகிற கேள்வி, ஆனாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. கேட்கிறவர் என்றாவது அகராதியைப் புரட்டுவார். கேனானில் துயரம் இல்லை என்று கண்ட அன்று, ஆபேலைப் பற்றிச் சொன்ன உண்மையையும் சேர்த்தே சந்தேகிப்பார். அடுத்த முறை மெத்தூசலாவின் பெயரை மேடையில் கேட்டால், ஒரு பக்கம் பின்னால் திருப்பி மெத்தூசவேலையும் படித்துப் பாருங்கள்.