எழுபதுக்குள்ள ஒரு எஸ்எம்எஸ்

ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சதும் ஒரு வாரம் வீட்டுல இருந்தேன். பகல்ல ஒரு சைட் ப்ராஜெக்ட், ராத்திரி சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு ஆரம்பிக்கும்போது நினைக்கல.

ப்ராஜெக்ட் அம்மாவோடது. அம்மா அங்கன்வாடி டீச்சர். ஊர்ல எல்லாருக்கும் பால்வாடி டீச்சர். தடுப்பூசி போட நர்ஸம்மா வர்ற நாளுக்கு முன்னாடி, லிஸ்ட்ல இருக்கிற 56 நம்பருக்கும் அம்மா எஸ்எம்எஸ் அனுப்பணும். வாட்ஸ்அப் பாதிப் பேருக்குத்தான் சரிவரும். மீதி வீடுகள்ல டச் போன் புருஷனோட வேலைக்குப் போயிடும், வீட்டுல இருக்கிறது பட்டன் போன். அம்மாவோட ரீசார்ஜ் பிளான்ல ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ். 56 பேருக்கு 100 போதாதான்னு கேட்டா, போதாது. அம்மா அனுப்புற மெசேஜ் இது:

"வணக்கம். வரும் புதன்கிழமை காலை 10 மணிக்கு நம் அங்கன்வாடியில் தடுப்பூசி போடப்படும். குழந்தையையும் அட்டையையும் தவறாமல் கொண்டு வரவும்."

பார்க்க சின்னதுதான். ஆனா போன் இதை ரெண்டு எஸ்எம்எஸ்னு எண்ணும். 56 ரெண்டு 112. லிஸ்ட்டோட கடைசி ஆறு பேருக்கு மெசேஜ் போகாது. அந்த ஆறு வீட்டுக்கும் அம்மா சாயங்காலம் நடந்து போய்ச் சொல்லிட்டு வருவாங்க. முழங்கால் வலியோட.

காரணம் ரொம்பப் பழசு. ஒரு எஸ்எம்எஸ்ல 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒண்ணு உள்ள வந்தாலும் மொத்த மெசேஜும் 16 பிட்டுக்கு மாறிடும், அதனால 70. அதைத் தாண்டினா உடையும். உடைஞ்ச துண்டுகளை ஒட்ட வைக்கவும் கொஞ்சம் இடம் போறதால துண்டுக்கு 67தான். தமிழுக்குன்னு 7 பிட் அட்டவணை ஒண்ணு தரநிலையிலேயே இருக்கு. ஆனா அனுப்புற போன், வாங்குற போன் ரெண்டுக்கும் அது புரியணும். அம்மா லிஸ்ட்ல இருக்கிற போன்களை நம்பி அதுல இறங்க முடியாது. இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சா 160 கிடைக்குமேன்னு சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் நீங்க படிப்பீங்க. அவங்க படிக்க மாட்டாங்க" அப்படின்னு அம்மா ஒரே வரில முடிச்சுட்டாங்க.

முதல் நாள் ராத்திரி '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. முதல் 25 நிமிஷம் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அம்மா பத்து நிமிஷம் குரங்குகளைப் பார்த்துட்டு அரிசி ஊறப் போடப் போயிட்டாங்க. அடுத்து 'அரைவல்'. ஏழு கால் ஜீவன்கள் ஒரு முழு வாக்கியத்தை ஒரே வட்டமா மையில ஊதும். அதுக்கு எத்தனை எஸ்எம்எஸ் ஆகும்னுதான் எனக்கு யோசனை போச்சு.

மூணாவது நாள் 'தி மார்ஷியன்', மூணாவது தடவை. செவ்வாயில மாட்டிக்கிட்ட வாட்னி, 1997ல இறங்கின பாத்ஃபைண்டரைத் தோண்டி எடுத்து பூமியோட பேசுவான். பேச வழி, சுத்துற ஒரு கேமரா மட்டும்தான். 26 எழுத்துக்கும் அட்டை வச்சா நெருக்கமா இருக்கும், கேமரா எந்த அட்டையைக் காட்டுதுன்னு தெரியாது. அதனால ஹெக்ஸாடெசிமலுக்குப் போயிடுவான். 16 அட்டை, ஒரு எழுத்துக்கு ரெண்டு திருப்பம்.

இந்த இடத்துல படத்தை நிறுத்திட்டேன். வாட்னி தமிழ்ல பேசியிருந்தா? ஆங்கிலத்துல 'ஹெல்ப்'னு கேட்க நாலு எழுத்து, எட்டுத் திருப்பம். 'உதவி'யை யுடிஎஃப்-8ல அனுப்பினா 12 பைட், 24 திருப்பம். ஆனா யூனிகோட்ல தமிழ் எழுத்து எல்லாமே 0B-ல தான் ஆரம்பிக்கும். அதை ரெண்டு பக்கமும் பேசி வச்சுக்கிட்டு விட்டுட்டா 89 A4 B5 BF. எட்டே திருப்பம்! நடு ராத்திரில தனியா சிரிச்சேன்.

அந்தக் கதையை எழுதின ஆண்டி வியரும் ஒரு புரோகிராமர். தன் சொந்த வெப்சைட்ல அத்தியாயம் அத்தியாயமா இலவசமா போட்டார். படிச்சவங்க அதுல இருந்த கெமிஸ்ட்ரி தப்பைத் திருத்திக் கொடுத்தாங்க. விண்கலத்தோட பாதையைக் கணக்குப் போட அவரே புரோகிராம் எழுதினார். 2011ல புத்தகம், 2015ல படம். ஒரு நாவலுக்காக ஆர்பிட் கணக்குப் போடுற புரோகிராம் எழுதுறதை எந்த ரெஸ்யூம்ல எந்த ஹெடிங் கீழ போடுறது? (என் ரூம்மேட் அறிவுரை: "ஏதாவது ஏஐ சேர்த்துக்கோ மச்சி, இல்லன்னா ரெக்ரூட்டர் பார்க்கவே மாட்டான்.")

ஏஐ சேர்க்கல. ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம். டைப் பண்ணப் பண்ண ஒவ்வொரு வார்த்தைக்கும் மேல அதோட விலை தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்ல தமிழுக்கு லெங்த் கேட்டா தப்பா சொல்லுதுன்னு எல்லாரும் திட்டுவோம்ல? 'தமிழ்' மூணு எழுத்து, அது 5ங்கும். எஸ்எம்எஸ்ஸுக்கு வேண்டியது அந்த 5தான். அதனால எண்ணுற வேலை ஒரே வரி.

ஆனா அந்த விலைகளைப் பார்க்கப் பார்க்க வேடிக்கையா இருந்துச்சு. பத்தாவதோட விட்ட தமிழ் இலக்கணத்துல 'ம'வுக்கு ஒரு மாத்திரை, 'ம்'முக்கு அரை. போன்ல 'ம' 1, 'ம்' 2. புள்ளி வச்சா இலக்கணத்துல பாதியாகுது, எஸ்எம்எஸ்ல ரெட்டிப்பாகுது. அதனாலயே எழுத்துத் தமிழ் விலை கூட. 'வாருங்கள்' 9, 'வாங்க' 5. 'போடப்படும்' பத்து! அம்மாவோட பழைய மெசேஜ் மொத்தம் 131.

வெள்ளிக்கிழமை லேப்டாப்பை அம்மா முன்னாடி வச்சேன். நான் விளக்கி முடிக்கிறதுக்குள்ள அவங்களே வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. தடுப்பூசின்னா பிள்ளையைத் தூக்கிட்டுத்தானே வருவாங்க, அதை எதுக்குச் சொல்லணும்னு குழந்தை போச்சு. அங்கன்வாடி பால்வாடி ஆச்சு. வணக்கத்தை வெட்ட மட்டும் மனசே இல்ல. "எடுத்தவுடனே புதன்னு ஆரம்பிச்சா அதட்டுற மாதிரி இருக்குடா." அதை எடுத்தப்புறம் 65ல நின்னுச்சு. அம்மா மீதி அஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கடைசி வார்த்தைல மட்டும் கை வச்சாங்க.

"புதன் காலை 10 மணி, பால்வாடியில தடுப்பூசி. மறக்காம அட்டையோட வாங்கம்மா."

69.