ஐப்பசியில ஊரும் கிணறும்

வெளியூர்ல இருக்குற சொந்தக்காரங்க, நாத்து வாங்க வர்ற ஆளுங்க, எல்லாரும் எங்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணுதான். "ராமேஸ்வரத்துக்கு எப்ப வந்தா நல்லாருக்கும்?" நான் ஐப்பசின்னு சொல்லுவேன். மழைக்காலம்ங்க, குழந்தைகளை வச்சுக்கிட்டு எப்படின்னு இழுப்பாங்க. அப்புறம் மே மாசம் லீவுல வந்து, வெயில்ல வெந்து, கோயில் வரிசையில நாலு மணி நேரம் நின்னுட்டு, என்ன ஊருங்க உங்க ஊருன்னு திட்டிட்டுப் போவாங்க.

எங்க தீவுக்கு சீசன்னா கோயில்தான் கணக்கு. தை அமாவாசை, ஆடி அமாவாசை, புரட்டாசி மஹாளய அமாவாசை, நடுவுல பள்ளிக்கூட லீவு. மஹாளயம் முடிஞ்சதும் கூட்டம் வடிஞ்சிரும். தீபாவளிக்கு ஒரு நாலு நாள் வண்டிக வரும். அதுக்கப்புறம் கார்த்திகை ஒண்ணாம் தேதி ஐயப்பசாமிமாருங்க மாலை போட்டுக்கிட்டு வர்ற வரைக்கும் ஊரு எங்களுக்கு மட்டும்தான். மிஞ்சிப்போனா ஒன்றரை மாசம். அந்த ஒன்றரை மாசத்தைப் பத்தித்தான் இன்னைக்கு எழுத உட்கார்ந்தேன்.

பாம்பன்ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் ரோடு. தங்கச்சிமடத்துல நின்னு பாத்தா, மத்த நாள்ல ரோட்டைக் கடக்க பத்து நிமிசம் காத்துக்கிடக்கணும். இப்ப ரோட்டுல ஆடு படுத்துக் கிடக்குது. சங்குக் கடைக்காரங்க பாதிப் பேரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிட்டு வீட்டுல தூங்குறாங்க. ஆட்டோக்காரத் தம்பிமாருங்க நிழல்ல தாயம் உருட்டுறாங்க. சீசன்ல ஓட்டலுக்குன்னு நேரா வண்டியேறிப் போற நண்டும் கணவாயும் இப்ப கூடையில நம்ம தெருவுக்கு வருது. "அண்ணே, இந்தா, நீங்க குடுக்குறதைக் குடுங்க"ன்னு மீன்கார அக்கா வாசல்ல உட்கார்ந்திரும். மே மாசத்துல இதே அக்கா நம்மளைத் திரும்பிக்கூடப் பாக்காது. அது மேல தப்பு இல்ல.

தனுஷ்கோடியில வண்டி ஓட்டுற பசங்க சுற்றுலா வர்றவங்ககிட்ட ஒரு கதை சொல்லுவாங்க. வடக்குப் பக்கம் அலை இல்லாம இருக்குறது பெண்கடல், தெற்குப் பக்கம் இரைஞ்சுக்கிட்டே இருக்குறது ஆண்கடல்னு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல அது சரி. ஐப்பசி பொறந்து வாடைக்காத்து திரும்பிருச்சுன்னா கதை தலைகீழாப் போயிரும். வடகடல்தான் கரையை அறுக்கும், தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். எந்தப் பக்கம் ஆணு, எந்தப் பக்கம் பொண்ணுன்னு அப்ப யாரும் கேக்குறதில்ல. கேக்குறதுக்கு ஆளும் இல்ல.

மீன்பிடிக்கிறவங்களுக்கு இது சுகமான காலம்னு சொல்ல முடியாது. வாரத்துல மூணு நாள் விசைப்படகு, மத்த நாலு நாள் நாட்டுப்படகுன்னு இங்க ரொம்ப வருசமா ஒரு ஏற்பாடு. காத்தழுத்தம்னு சேதி வந்து பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டா அதுவும் கிடையாது. ஒண்ணாம் நம்பர் ஏறுச்சா, மூணாம் நம்பர் ஏறுச்சான்னு டீக்கடையில விசாரிக்கிறதுதான் காலையில முதல் பேச்சு. பாலத்துல காத்து 58 கிலோமீட்டரைத் தாண்டுனா ரயிலையும் நிறுத்திருவாங்க. எங்க அய்யா 1964 டிசம்பர் புயலை நேர்ல பாத்தவரு. தனுஷ்கோடி போன அந்த ராத்திரிக்கு அப்புறம் கடைசி வரைக்கும் மார்கழி பொறந்தா அவரு திண்ணையில படுக்கவே இல்ல. உள்வீட்டுலதான் படுப்பாரு, அதுவும் செருப்பைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு.

சரி, நம்ம பொழப்புக்கு வர்றேன்.

சுற்றுலாவுக்கு ஆஃப் சீசன்னாலும் எங்களை மாதிரி மல்லிகை நாத்து போடுறவங்களுக்கு இது ஓடியாடுற நேரம். மதுரை மல்லி, மதுரை மல்லின்னு உலகமே சொல்லுது. அந்தச் செடியில பெரும்பகுதி எங்க மணல்ல வேர் விட்டுப் போனதுன்னு பல பேருக்குத் தெரியாது. ராமநாதபுரம் குண்டுமல்லிதான் அது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மணல்ல பாத்தி கட்டி, குச்சியை நெருக்கமா நட்டு, வேர் பிடிக்க வச்சு, மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம்னு அனுப்புறோம். கர்நாடகா, ஆந்திராவுக்கும் போகுது. ஆனியில இருந்து கார்த்திகை வரைக்கும் நடவுக்கு ஏத்த காலம்ங்கிறதால, வாங்குறவங்க அவசரப்படுறதும் இப்பத்தான்.

நாத்துப் புடுங்குறது பொம்பளைங்க வேலை. ஆம்பளை புடுங்குனா வேர் அறுந்துரும்னு அவங்களே சொல்லிக்குவாங்க. நான் ஒரு தடவை கூட மறுத்துப் பேசுனதில்ல. மணல்ங்கிறதால வேர் சேதமில்லாம அப்படியே வந்துரும். களிமண்ணுல இது நடக்காது. நூறு நூறாக் கட்டி, அடியில ஈரச்சாக்கு சுத்தி, நிழல்ல அடுக்கி வச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும். சாயங்காலம் லாரியில ஏத்துனா ராத்திரியோட பாலம் தாண்டிப் போயிரும்.

இந்த மணலுக்கு உயிரு தண்ணிதான். நாலு பக்கமும் கடல் இருக்குற எடத்துல நல்ல தண்ணி எப்படிங்கன்னு ஆச்சரியப்படுவாங்க. கோயிலுக்குள்ள 22 தீர்த்தம் இருக்குது, கடல் கூப்பிடு தூரத்துல. எங்க ஊரு வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளயே இருக்குது, சுத்தி உப்பு, நடுவுல குடிக்கிற தண்ணி. ராமர் வில்லை ஊனுன எடம்னு சொல்லுவாங்க. அதை நான் நம்புறேன். தண்ணி பரிசோதனைக்கு வந்த ஒரு அதிகாரி சொன்ன விளக்கத்தையும் நம்புறேன். ரெண்டுக்கும் சண்டை இல்ல.

அவரு சொன்னது இது. மழைத்தண்ணி மணல்ல இறங்கும். உப்புத்தண்ணி கனம், நல்ல தண்ணி லேசு. அதனால நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல எண்ணெய் மாதிரி மிதந்துக்கிட்டு நிக்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ நாப்பது அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு. கேக்க சந்தோசமா இருந்துச்சு. "அண்ணே, இதைத் திருப்பியும் பாத்துக்கங்க"ன்னாரு. மேல ஒரு அடி குறைஞ்சா கீழ இருந்து உப்பு நாப்பது அடி ஏறி வரும். அதனாலதான் எங்க பெரியவங்க ஆழமாத் தோண்டவே இல்ல போல. ஊத்துக்குழி எடுத்து, ரெண்டு கையிலயும் குடத்தை முக்கி, குனிஞ்சு நிமிந்து பாத்திக்கு ஊத்துனாங்க. எனக்கும் பத்து வயசுல இருந்து அந்த வேலை. முதுகு இன்னைக்கும் சொல்லும்.

எங்க தோட்டத்துக்கு மேற்கால ஒரு துண்டு நிலம் கைமாறி, தங்கும் விடுதி வந்து ஏழு வருசமாச்சு. நல்ல மனுசங்கதான், பாத்தா வணக்கம் சொல்லுவாங்க. ஆனா ஆழ்துளை போட்டு மோட்டாரை வச்சுட்டாங்க. சீசன்ல ராத்திரி பகல்னு ஓடுது. ஒரு ரூமுக்கு நாலு பேரு, ஆளுக்கு மூணு குளியல். கடல்ல குளிச்சுட்டு வந்து ஒண்ணு, தீர்த்தம் ஆடிட்டு வந்து ஒண்ணு, புழுக்கத்துக்கு ஒண்ணு. கணக்குப் போட்டா என் பாத்திக்குப் பத்து நாளைக்கு ஊத்துற தண்ணி அங்க ஒரு நாள்ல வடியுது.

பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வச்சிருக்கேன். காலையில கிணத்துத் தண்ணியை டம்ளர்ல எடுத்து, அதை முக்கி, வர்ற நம்பரை மகனோட பழைய பள்ளிக்கூட நோட்டுல எழுதிக்கிட்டு வர்றேன். 2024 நவம்பர் 20ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கும். ஊரெல்லாம் தண்ணி, எங்க தெருவுல முழங்கால் அளவு. எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தோம், நானும்தான், நாத்தெல்லாம் மூழ்கிக் கிடந்துச்சு. ஆனா பத்து நாள் கழிச்சு மீட்டரை முக்குனா 390. அவ்வளவு கம்மியா நான் பாத்ததே இல்ல. அடுத்த சித்திரையில 1,680. அவ்வளவு அதிகமாவும் பாத்ததில்ல. இலை ஓரமெல்லாம் கருகி, மூணு பாத்திக்கு ஒரு பாத்தி போச்சு.

இதுலதான் ஐப்பசியோட அருமை. விடுதியில ரூம் காலி, மோட்டார் ஓடாது. மேல மழை விழுது. நோட்டைப் புரட்டிப் பாத்தா ஒவ்வொரு வருசமும் இந்த ஒன்றரை மாசத்துல நம்பர் படிப்படியா இறங்கியிருக்குது. கிணறு மூச்சு வாங்கிக்கிற காலம்னு வச்சுக்கங்க. என்ன, வருசா வருசம் அது வந்து நிக்கிற எடம் கொஞ்சம் கொஞ்சமா மேல போகுது. நாலு வருசத்துக்கு முந்தி கார்த்திகை ஒண்ணாம் தேதி 520ல நின்னுச்சு. இந்த வருசம் ஐப்பசி பாதி தாண்டியும் 900க்கு மேல.

வீட்டுல ஒரு பேச்சு ஓடுது. அதே விடுதிக்காரங்க என்னோட எழுபது சென்டையும் பதினஞ்சு வருசக் குத்தகைக்குக் கேக்குறாங்க. வண்டி நிறுத்த எடம் பத்தலையாம், பின்னாடி நாலு ஓலைக் குடிலும் போடணுமாம். மாசாமாசம் குடுக்குறதாச் சொல்ற தொகை, நல்ல வருசத்துல நாத்துல எனக்கு நிக்கிறதை விட அதிகம். அதை மறைக்கிறதுல அர்த்தமில்ல.

மகன் சுற்றுலா வேன் ஓட்டுறான். சீசன்ல அவனை வீட்டுல பாக்க முடியாது. இப்ப வண்டி நிக்குது, அதனால தோட்டத்துக்கு வர்றான். குச்சி வெட்டித் தர்றான், கட்டு தூக்குறான். அவன்தான் ஆரம்பிச்சான்.

"அப்பா, நீங்க குடுக்கலைன்னாலும் அவங்க மோட்டாரு நிக்கப் போறதில்ல. உப்பு ஏறுறது ஏறிக்கிட்டேதான் இருக்கும். ஏறுன பெறகு கேட்டா இந்த விலை தரமாட்டாங்க."

நான் ஒண்ணும் சொல்லல. அவன் சொன்னதுல பொய் எது? அவன் வயித்துப்பாடே வர்ற கூட்டத்தை நம்பித்தான் இருக்குது. கூட்டம் வேணாம்னு நான் எந்த வாயால சொல்லுறது?

வீட்டுக்காரிதான் நாத்துக் கட்டை முடிச்சுப் போட்டுக்கிட்டே, "குடுத்துட்டு நீ காலையில எந்திரிச்சு எங்க போவ?"ன்னு எங்கிட்ட கேட்டா. கோபமாவும் கேக்கல, கிண்டலாவும் கேக்கல. எனக்குப் பதில் வரல. மகன் சிரிச்சுட்டான். "அம்மா, அதுக்காக நட்டத்துக்குத் தோட்டம் வைக்க முடியுமா"ன்னான். அவ, "நட்டம்னு யாரு சொன்னா, நோட்டை எடுத்துக் கணக்குப் பாரு, தண்ணிக் கணக்கு மட்டும் எழுதுற, துட்டுக் கணக்கையும் எழுது"ன்னு என் பக்கம் திரும்பிட்டா. அதுவும் நியாயம்தான். அன்னைக்கு ராத்திரி கரண்டு வேற இல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல மூணு பேரும் உட்கார்ந்து மூணு வருசக் கணக்கைப் போட்டோம். நட்டம் இல்ல. லாபம்னு நெஞ்சை நிமித்திச் சொல்லவும் இல்ல. கூலி குடுத்தது போக, எங்க ரெண்டு பேரு உழைப்புக்கும் சம்பளம் வைக்காமப் பாத்தா நிக்குது.

தோட்டத்தோட தென்மூலையில மழைத்தண்ணி ரோட்டுக்கு ஓடிப் போற எடத்துல ஒரு பெரிய குழி எடுத்து, தண்ணியை அங்கேயே மணல்ல இறங்க விடலாம்னு எனக்கு ஒரு யோசனை. விடுதி மொட்டைமாடித் தண்ணியையும் அதுல விடச் சொல்லிக் கேக்கலாம். போன வாரம் போய்க் கேட்டேன். மேனேஜர் தம்பி மரியாதையா உட்கார வச்சு டீ குடுத்துச்சு. முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்னுச்சு. குத்தகை விசயம் என்னாச்சுன்னும் கேட்டுச்சு. கார்த்திகை பொறக்கட்டும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

குழியை மட்டும் ஆரம்பிச்சுட்டோம். மகன்தான் ரெண்டு நாளா வெட்டுறான். வெட்டுற மணலை என்ன செய்யுறதுன்னு பாத்து, போன மாசம் எழுதியிருந்தேனே, அந்தப் பனங்கொட்டைப் பாத்தி மேல கொட்டி மேடாக்கிட்டோம். கிழங்கு தையில நல்லா நீளமா வரும். நாலடி போனதும் ஈரம் தட்டுச்சு. ஒரு கை அள்ளி வாயில வச்சுப் பாத்துட்டு, "உப்பு இல்லப்பா"ன்னான்.

வெள்ளிக்கிழமை சத்தியமங்கலத்துக்கு நாலாயிரம் நாத்து போகணும். வானம் வடக்க கறுத்துக்கிட்டு நிக்குது. இன்னைக்குக் காலையில மீட்டர்ல 870.